லைன் வீட்டோடு கைமாறும் பெயர்கள்

குன்னூரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். காதில் அமெரிக்க ராப் பாட்டு ஓடும். பாடுகிற கறுப்பினத்தவர் வரிக்கு வரி ஒரு சொல்லைச் சொல்வார். “அவரே பாடுறாரு. நாங்க கூடச் சேர்ந்து பாடினா மட்டும் ஏன் தப்பு? நாமளும் கறுப்புதானே?” என்பார்கள். விதண்டாவாதத்துக்குக் கேட்பதில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். ‘தப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால், பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்பார்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அமெரிக்காவிலேயே முதலெழுத்தை மட்டும் சொல்லித்தான் குறிக்கிறார்கள். ஆளை ஏலம் விட்டவன் வாயிலும், ஆளை மரத்தில் தொங்கவிட்ட கும்பலின் வாயிலும் இருந்த சொல் அது. நமக்கும் அது முழுக்க அந்நியமில்லை. வெள்ளைக்கார ஆட்சியில் இந்தியர்களையும் அதே சொல்லால் குறிப்பிடுவது அதிகாரிகளிடம் சகஜமாக இருந்தது. 1875இல் இங்கே சுற்றுப்பயணம் வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், அதைக் கேட்டு முகம் சுளித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1888இல் பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரியே தாதாபாய் நௌரோஜியை ஒரு கூட்டத்தில் ‘கறுப்பு மனிதர்’ என்று இளக்காரமாகப் பேசினார். நான்கு ஆண்டு கழித்து அதே நௌரோஜியை லண்டன் பின்ஸ்பரி தொகுதி வாக்காளர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

ஆக, ‘நாமளும் கறுப்புதானே’ என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பழைய உண்மை. இன்றைக்கு நம் முகத்துக்கு நேரே யாரும் அந்தச் சொல்லை வீசுவதில்லை. நம் கல்லூரிகளுக்குப் படிக்க வருகிற ஆப்பிரிக்க மாணவர்களின் நிறத்தைச் சொல்லிக் கேலி பேசுபவர்களும் நம் ஆட்கள்தான். சொல்லின் அடி இன்று யார் மேல் விழுகிறது என்று பார்த்தால், நாம் நிற்கிற இடம் எது என்று தெரிந்துவிடும்.

இதை அமெரிக்காவை வைத்தே விளக்கிக்கொண்டு போனால் வேற்றூர்க் கதை மாதிரி ஆகிவிடும். நீலகிரியிலேயே இதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

கோத்தகிரி, குன்னூர், அந்தப் பக்கம் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று எங்கே போனாலும் டான்டீ தோட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்பது முழுப்பெயர். 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1976இல் கம்பெனியாக மாறியது. தேயிலை விற்று லாபம் பார்ப்பதற்காக மட்டும் அது தொடங்கப்படவில்லை. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலையும் கூரையும் வேண்டும், அதற்காகத்தான் காடு திருத்திச் செடி வைத்தார்கள். அரசுக் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர் வாயில் அவர்களுக்கு வேறு பெயர்கள்.

அந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ள அவர்கள் போன வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1820களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் தாண்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். முதலில் காப்பி, அது நோயில் அழிந்தபின் தேயிலை. பின்னாளில் மண்டபத்தில் முகாம் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, எந்தத் தோட்டத்துக்கு என்று எண் பொறித்த தகர வில்லையைக் கையில் கொடுத்து ஏற்றி அனுப்பினார்கள். எண் போட்டு, பதிவு செய்து, அரசாங்கத்துக்குத் தெரிந்தே நடந்த பயணம்.

1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தகர வில்லையோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘கள்ளத்தோணி’. திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவன் என்று பொருள். இன்னொரு பெயர் ‘தோட்டக்காட்டான்’. இந்த இரண்டும் சிங்களவர் வாயிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த தமிழரும் சொன்னார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே முருகனைக் கும்பிடுகிறவர்கள். அதனால் அடி குறையவில்லை, கூடித்தான் போனது.

‘கள்ளத்தோணி’ என்ற சொல் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு பொய்யை அது வழக்குப் போடாமலே நிரூபித்துவிட்டது. நீ வந்த விதமே தவறு என்று ஆகிவிட்டால், உனக்கு ஓட்டுரிமை இல்லை என்றபோதும், உன்னைக் கப்பலேற்றி அனுப்புகிறோம் என்றபோதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இழிசொல்லை வெறும் கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொள்கிறோம். கெட்ட வார்த்தை கோபத்தோடு வரும், கோபம் தணிந்தால் போய்விடும். இழிசொல் அப்படியில்லை. ஒரு கூட்டத்துக்கு எதைக் கொடுக்க வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதோ, அந்த முடிவை நியாயமாக்கித் தருவதுதான் அதன் வேலை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் எங்கே இருக்க விருப்பம் என்று ஒழுங்காகக் கேட்கப்படவில்லை. அண்ணனுக்கு அந்த நாடு, தம்பிக்கு இந்த நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மறுபடியும் அதே மண்டபம் முகாம். அங்கிருந்து ஒரு பகுதியினர் மலையேறினார்கள். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கைகளுக்குப் பழக்கமான மலை இதுதானே.

வந்த இடத்தில் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. இலங்கையில் இந்தியாக்காரன், இந்தியாவில் சிலோன்காரன். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி அகதிகள் வரத் தொடங்கியதும், ஏற்கெனவே இந்தியக் குடிமக்களாக இங்கே வேர்பிடித்துவிட்டவர்களையும் சேர்த்து ‘அகதி’ என்றார்கள். அகதி என்பது இழிசொல் இல்லை. புகலிடம் தேடி வந்தவரின் நிலையைச் சொல்லும் சொல். ஆனால் கையில் இந்தியக் குடியுரிமை வைத்திருக்கிறவரை அகதி என்று கூப்பிடும்போது, ‘இந்த மண்ணில் உனக்குப் பாத்தியதை இல்லை’ என்று சொல்வதாகிறது. அது வாயோடு நிற்கவுமில்லை. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், ‘உங்க பூர்வீகத்துக்கு என்ன ஆதாரம்’ என்று அலைக்கழித்தார்கள். கூடலூர்ப் பக்கம் செக்‌ஷன் 17 நிலம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஜன்மி ஒழிப்புச் சட்டத்தில் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தீர்வு காணாமல் கிடக்கும் நிலம். அதில் குடிசை போட்டவர்களில் எல்லா ஊர்க்காரரும் இருந்தார்கள். ‘வந்தேறி’ என்ற சொல் மட்டும் எல்லார் மேலும் சமமாக விழவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சமாதானம் வரும். “சிலோன்லருந்து வந்தவரைச் சிலோன்காரர்னு சொன்னா என்ன தப்பு? அர்த்தம் சரிதானே?” என்பார்கள்.

அர்த்தம் காப்பாற்றாது. அதற்கு நம் மொழியில் புழங்கும் இரண்டு சொற்களே சாட்சி. ஒன்று, கூலி. உழைப்புக்குப் பெறுகிற காசு. அதில் ஒரு அவமானமும் இல்லை. ரஜினிகாந்த் நடித்த படத்துக்கே 2025இல் அந்தப் பெயர் வைத்தார்கள், நாமும் விசிலடித்துப் பார்த்தோம். அதே சொல்லைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ, கயானாவிலோ, டிரினிடாடிலோ ஓர் இந்திய வம்சாவளியினரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அடிதடி வரும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் இறங்கியவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. தோட்ட முதலாளிக்கு அவர்கள் எல்லாரும் ஒரே பெயர்தான், கூலி. அந்தப் பெயர் பேரப்பிள்ளைகள் வக்கீலான பிறகும் விடவில்லை. காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்று இதைவிட வேடிக்கையான விஷயம். ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று நம் ஆட்கள் பெயரெல்லாம் சாமியில் முடிவதைப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர்கள் இந்திய ஆண்களை எல்லாம் ‘சாமி’ என்று ஏளனமாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். காந்தி சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொல்வார்களாம். சில வெள்ளைக்காரர்கள் நெளிவார்கள், சிலர் கோபத்தில் எகிறுவார்கள். கடவுளுக்கு வைத்த சொல்லையே ஒரு தோட்டத்து வராந்தாவில் நின்று இழிசொல்லாக்க முடியும் என்றால், அகராதியைப் புரட்டி யாரும் தப்பிக்க முடியாது.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு இனி ரயில் நிலையக் கூலிகளை ‘சகாயக்’ என்று அழைப்போம் என்றார். மரியாதையான பெயர். தலையில் ஏற்றுகிற பெட்டியின் கனமும், மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாததும் அப்படியே இருந்தன. அதற்காக மாற்றியது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின், அகதிகள் முகாம்களை இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைப்போம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது கூடவே வீடு கட்டவும் பணம் ஒதுக்கினார். 2025 ஏப்ரலில், பட்டியல் சாதியினரின் குடியிருப்பைக் குறித்து வழங்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போதே குரல் தாழ்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது.

அடுத்து வருவது பாசத்தின் பெயரால் சொல்லும் சமாதானம். “நாங்க பிரியமாத்தான் கூப்பிடறோம். அவங்களே சிரிக்கிறாங்களே.”

கொழுந்து எடை போடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மத்தியானம் மழை தூறிக்கொண்டிருக்கும். பெண்கள் தலைச்சுமையாகச் சாக்கைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தராசுக்குப் பின்னால் ஒருவர் நோட்டோடு நிற்பார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பது அவர் கை. முற்றிய இலை கலந்திருக்கிறது என்று ஒதுக்குவதும் அவர் கை. தன்னைவிட இருபது வயது மூத்த அம்மாவைப் பார்த்து, “என்ன சிலோனு, இன்னிக்கு இவ்வளவுதானா?” என்பார். அந்த அம்மா சிரிப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். எழுதப்போகிற கிலோ இன்னும் எழுதப்படவில்லை. அந்த நேரத்தில் வேறு எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

பிரியம்தானா என்று தெரிய ஒரு வழி உண்டு. அவர் திருப்பி உங்களை அதே மாதிரி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்களுக்குச் சிரிப்பு வருமா? கூப்பிட்டபின் அவருக்கு மறுநாள் வேலை இருக்குமா? கூடப் படித்த இருவர் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்வது வேறு. தராசு ஒருவர் கையிலேயே இருக்கிற இடத்தில் பிரியத்துக்கு வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அக்கா இருக்கிறது, அம்மா இருக்கிறது, அவருடைய சொந்தப் பெயரே இருக்கிறது.

அப்படியென்றால் இந்தச் சொற்களுக்கு இன்று நியாயமான உபயோகமே கிடையாதா? எனக்குத் தெரிந்து இரண்டு இடங்களில் உண்டு.

முதலாவது, சாட்சி. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைச் சாதிப் பெயரால் இழித்துப் பேசியது குற்றமா என்பது கேள்விகளில் ஒன்று. அது சாதியின் பெயர்தானே, அரசுப் பட்டியலிலேயே இருக்கிறதே என்று சொல்லலாம் அல்லவா? நீதிமன்றம் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அந்தப் பெயர் ஒரு சாதியைக் குறிக்கிறது, உண்மை. ஆனால் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொன்னால் அதுவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, பயல் என்பது போன்ற ஒட்டுகளைச் சேர்த்தால் இன்னும் மோசம் என்றும் சொன்னது. நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிற அதே அமெரிக்கச் சொல்லை ஒப்பிட்டு, ஐம்பது வருடத்துக்கு முன் அது அங்கே சகஜமாக இருந்திருக்கலாம், இன்று ஏற்க முடியாததாகிவிட்டது, இங்கேயும் அப்படித்தான் என்று எழுதியது. டீக்கடை இரட்டைக் குவளையையும் அதே தீர்ப்பில் கண்டித்தார்கள்.

இப்படி ஒரு தீர்ப்பு எழுத வேண்டுமென்றால் அந்தச் சொற்களை நீதிபதி முழுசாக எழுதியாக வேண்டும். எழுதினார்கள். அதற்கு முன்னால், அடிபட்டவர் போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். ‘அசிங்கமாத் திட்டினான் சார்’ என்றால் வழக்கு நிற்காது. எந்தச் சொல், யார் சொன்னது, பொதுமக்கள் பார்க்கும்படியான இடத்திலா என்று சட்டம் கேட்கிறது. புகார் எழுதுகிறவர் நாகரிகம் கருதிப் புள்ளி வைத்துவிட்டால் லாபம் திட்டியவனுக்குத்தான். வரலாறு எழுதுகிறவர்களுக்கும், தங்கள் வாழ்க்கையை எழுதிய இலங்கை மலையக எழுத்தாளர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். மேலே நானும் கள்ளத்தோணி, தோட்டக்காட்டான் என்று எழுதியிருக்கிறேன். எழுதாமல் அந்த மக்களுக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. வழக்கில் வந்த சாதிச் சொற்களை எழுதவில்லை. படிக்கிற உங்களுக்கு அவை எவை என்று தெரியும், தெரிந்ததை இன்னொரு முறை அச்சில் பார்த்து நோக வேண்டியவர்களும் இதைப் படிப்பார்கள்.

சாட்சி என்ற பெயரில் எதையும் எங்கேயும் வைத்துவிடலாமா என்றால், மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அப்துல்லா ஹுசைன் எழுதிய ‘இன்டர்லோக்’ நாவல் 1971இல் வந்தது. அதில் இந்தியத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதியில் ‘பரையா’ என்ற சொல் வரும். மலாய் மொழியில் அது கடுமையான வசை. நாற்பது வருடம் அது நூலகத்தில் இருந்தபோது பெரிய சச்சரவு இல்லை. 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆக்கினார்கள். இந்தியச் சமூகம் கொதித்தது, அந்த வருடக் கடைசியில் திரும்பப் பெற்றார்கள். நாவலைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டால் நான் உடன்பட மாட்டேன். ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வதும், இடைவேளையில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்காததும் இலக்கியக் கல்வி ஆகாது. எழுதியவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். வகுப்பறையில் அந்த நோக்கம் காவலுக்கு நிற்காது.

இரண்டாவது இடம், சுமந்தவர்களின் சொந்த வாய். தன் மேல் எறியப்பட்டதை எடுத்து வைத்துக்கொள்ளவோ தூக்கிப் போடவோ அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி ‘கூலி’ என்ற சொல்லிலிருந்தே ‘கூலித்துவம்’ என்று பொருள்படும் ஒரு கருத்தை உருவாக்கி, கடல் கடந்த உழைப்பாளிகளின் நினைவுக்கு அதைப் பெயராக வைத்தார். இலங்கையில் அதே சொல்லின் வாரிசுகள் வேறு வழி எடுத்தார்கள். இந்தியத் தமிழர் என்பதும் வேண்டாம், தோட்டக்காட்டான் என்பதும் வேண்டாம், நாங்கள் மலையகத் தமிழர் என்றார்கள். 2023இல், இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நிறைவை ஒட்டி, முன்னோர் நடந்த தலைமன்னார் - மாத்தளை வழியில் திரும்ப நடந்தார்கள். நம் கூடலூரில் ‘காட்டுவாசி’ என்று கேலி கேட்டு வளர்ந்த பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் எல்லாம் 1980களின் இறுதியில் ‘ஆதிவாசி முன்னேற்றச் சங்கம்’ என்ற பெயரில் நில உரிமைக்குத் திரண்டார்கள். காட்டில் வாழ்வதைச் சொல்லிக் கேலி செய்தவர்களுக்கு, மண்ணின் முதல் குடி என்ற பெயரால் பதில்.

சுமந்தவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இருக்காது. அமெரிக்காவில் ராப் பாடகர்கள் அந்தச் சொல்லை ‘மச்சான்’ மாதிரி பயன்படுத்துகிறார்கள். அதே கறுப்பினத்தவரின் பழம்பெரும் அமைப்பான என்ஏஏசிபி 2007 ஜூலையில் டெட்ராய்ட்டில் அந்தச் சொல்லுக்குப் பாடை கட்டி, ஊர்வலம் போய்ப் புதைத்தது. மகன் பாடுகிறான், தாத்தாவுக்குக் காது எரிகிறது. அது அவர்கள் வீட்டுப் பேச்சு. நாம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்து பாடும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் பாட்டு கெட்டுவிடாது. தாளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம்.

இவ்வளவு தூரம் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். கூலி என்று நம்மைச் சொன்னால் கோபம் வருகிறது. ‘கெலிங்’ என்று மலேசியாவில் சொன்னால் வருகிறது. மும்பையில் ‘மதராசி’ என்று விரட்டியதைத் தாத்தா சொல்லக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. எல்லாம் சரி. பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அதே பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்: “வடக்கன்ஸ் ரொம்ப வந்துட்டானுங்க.”

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். டீ ஆறிப்போனாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது.

தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். திருப்பூர், கோவை, சென்னை என்று இறங்கிப் போனார்கள். தோட்டங்களில் ஆள் குறைந்தது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய அதே லைன் வீடு, அதே ஒழுகும் தகரம், அதே பொதுக் குழாய். வீட்டோடு சேர்த்துப் பெயரும் கைமாறியது. முன்பு சிலோன்காரன் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறான் என்றார்கள், இப்போது வடக்கன் பாக்கு போட்டுத் துப்புகிறான் என்கிறார்கள். முன்பு எங்கள் வேலையைப் பறிக்க வந்தவன் என்றார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறார்கள். கொழும்பில் 1948இல் நம்மவர்களைப் பற்றிச் சொன்னதும் அதேதான்.

வேலை விஷயத்தில் உண்மையான வருத்தம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஏஜென்ட் கூட்டிவருகிற ஆள், பேசிய கூலிக்குக் கேள்வி கேட்காமல் கூடுதல் நேரம் நிற்பார். அவருக்குச் சங்கம் இல்லை, மொழி தெரியாது. அதைக் காட்டி உள்ளூர்க்காரரின் கூலியும் அமுக்கப்படும். ஆனால் அமுக்குவது யார்? ஜார்க்கண்ட்காரர் தானாகவே தன் கூலியைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவரைத் திட்டுகிற வரைக்கும், கூலியை நிர்ணயிக்கிறவரிடம் யாரும் போய் நிற்கப்போவதில்லை. இழிசொல்லால் அந்த இடத்தில் நிம்மதியாக இருப்பவர் கூலியை நிர்ணயிக்கிற அவர்தான்.

பாஸ்கர் சக்தி இப்படி வந்த ஒரு தொழிலாளியை வைத்துப் படம் எடுத்தார். ‘வடக்கன்’ என்று பெயர் வைத்திருந்தார். தணிக்கையில் ஆட்சேபித்தார்கள், 2024இல் படம் ‘ரயில்’ என்ற பெயரில் வந்தது. அந்தத் தலைப்பை விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். வெறுப்பை எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஒருவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. நான் மேலே சொன்ன சாட்சிக்கு அது பக்கத்தில் வருகிறது. தலைப்பை வெட்டினார்கள். கைப்பேசியில் அதே சொல்லோடு தினமும் ஓடுகிற கேலிப்படங்களுக்கு யார் கத்தரி போட்டார்கள்?

இன்னொரு விஷயத்தையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர்கள் ராமநாதபுரத்திலிருந்து இலங்கைக்குப் போன அதே நூற்றாண்டில், சோட்டா நாக்பூரிலிருந்து முண்டா, ஒராவோன், சந்தால் மக்களைக் கூட்டம் கூட்டமாக அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஏஜென்ட், அங்கேயும் முன்பணக் கடன், அங்கேயும் வழியில் காலரா. அவர்களின் வாரிசுகளுக்கு ஜார்க்கண்டில் பழங்குடி அந்தஸ்து உண்டு, தலைமுறைகளாக அசாமில் இருக்கிறவர்களுக்கு அங்கே அது இல்லை. அதற்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அசாமில் அவர்களை இழித்துச் சொல்ல எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? கூலி. இங்கிருந்து போனவர்களையும் அங்கிருந்து போனவர்களையும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒரே சொல்லின் கீழ்தான் கணக்கெழுதினான். கொளப்பள்ளி லைன் வீட்டில் இன்றைக்கு அடுத்தடுத்த கதவில் குடியிருப்பவர்கள் அந்த இரண்டு கணக்கிலிருந்தும் வந்தவர்கள்.